ஒன்ராறியோ மருத்துவபீட அனுமதி: ஜிபிஏ, பாடச்சுமை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒன்ராறியோவில் மருத்துவம் படிக்க நினைக்கும் பிள்ளைகளும் பெற்றோரும் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். எம்கேட் என்ற நுழைவுத் தேர்வு, நேர்காணல் பற்றியெல்லாம் எல்லோரும் பேசுகிறார்கள். பாடச்சுமையை, அதாவது ஒரு செமஸ்டரில் எத்தனை பாடம் எடுக்கிறோம் என்பதைப் பற்றி யாரும் முதலாம் ஆண்டிலேயே சொல்வதில்லை. விண்ணப்பிக்கும் ஆண்டில்தான் அது தெரியவருகிறது, அப்போது திருத்த முடியாது. அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டுப் பதில்களை ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். விதிகள் அவ்வப்போது மாறும். விண்ணப்பிக்கும் ஆண்டில் அந்தந்தப் பீடத்தின் விதிகளை ஒரு முறை நேரே பார்த்துவிடுங்கள்.

கிரேட் 12 முடிச்சவுடன மெடிசினுக்குப் போகேலாதோ? அந்த மார்க்ஸைப் பாப்பினமோ?

வழக்கமான பாதையில் போக முடியாது. முதலில் ஓர் இளங்கலைப் படிப்பில் சேர வேண்டும். அதில் குறைந்தது மூன்று ஆண்டுகள் முடித்திருக்க வேண்டும் என்பது பல பீடங்களின் விதி. வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் நான்காண்டுப் பட்டத்தையே கேட்கிறது. கியூபெக்கில் சீஜெப் (பள்ளிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடைப்பட்ட கல்லூரி) முடித்தவர்கள் நேரே போவதைப் பார்த்துவிட்டு இங்கேயும் அப்படித்தான் என்று நினைப்பவர்கள் உண்டு. அது அந்த மாகாணத்தின் வழி.

கிரேட் 12 புள்ளிகள் பல்கலைக்கழகத்துக்குள் நுழைய உதவும், அதோடு அவற்றின் வேலை முடிந்துவிடும். கணக்கு முதலாம் ஆண்டு செப்டெம்பரில் புதிதாகத் தொடங்குகிறது. பள்ளியில் 97 எடுத்த பிள்ளைக்கும் 88 எடுத்த பிள்ளைக்கும் அன்றைக்கு ஒரே நிலைதான்.

ஒன்ராறியோவில எத்தனை பீடம் இருக்கு? தனித்தனியா விண்ணப்பிக்க வேணுமோ?

ஏழு. ரொறொன்ரோ, மக்மாஸ்டர், வெஸ்டர்ன், ஒட்டாவா, குயின்ஸ், சட்பரியிலும் தண்டர் பேயிலும் இயங்கும் வடக்கு ஒன்ராறியோ மருத்துவப் பல்கலைக்கழகம், 2025 செப்டெம்பரில் பிரம்டனில் முதல் வகுப்பைத் தொடங்கிய ரொறொன்ரோ மெற்றோபொலிற்றன். ஏழுக்கும் ஓம்சாஸ் என்ற ஒரே விண்ணப்ப வாசல்தான். கடைசி நாள் வழக்கமாக ஒக்டோபர் தொடக்கத்தில் வரும். வகுப்புத் தொடங்குவதற்கு ஏறத்தாழ பதினொரு மாதங்களுக்கு முன் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பம் ஒன்றாக இருந்தாலும் உங்கள் புள்ளிகளை ஏழு பேரும் ஒரே மாதிரி வாசிப்பதில்லை. கீழே வரும் பதில்களில் பாதி இதைப் பற்றியதுதான்.

எந்த டிகிரி எடுத்தா நல்லது? லைஃப் சயன்ஸ்தானே?

எந்தப் பட்டமும் சரி. வணிகம், இசை, பொறியியல், தத்துவம் எதுவானாலும் விண்ணப்பிக்கலாம். பிள்ளைக்கு எதில் இயல்பாக நல்ல புள்ளி வருமோ அதுதான் நல்ல பட்டம். இதை நூறு தடவை சொல்லிவிட்டேன், நம்புகிறவர்கள் குறைவு.

மக்மாஸ்டர், வெஸ்டர்ன், குயின்ஸ் மூன்றும் இன்ன பாடம் படித்திருக்க வேண்டும் என்று கேட்பதில்லை. ரொறொன்ரோவும் ஒட்டாவாவும் உயிரியல் சார்ந்த பாடங்களையும், மொழி, வரலாறு போன்ற கலைத்துறை அல்லது சமூக அறிவியல் பக்கத்தில் ஒரு பாடத்தையும் கேட்டு வந்திருக்கின்றன. எம்கேட்டுக்கு உயிரியல், உயிர்வேதியியல், வேதியியல், பௌதிகம், உளவியல் எப்படியும் தேவைப்படும். வேறு பட்டம் படிப்பவர்கள் அவற்றை விருப்பப் பாடங்களாக எடுத்துக்கொள்கிறார்கள்.

மகளுக்கு சராசரி 84. அது ஜிபிஏயில எவ்வளவு?

ஜிபிஏ என்பது 4.0 அளவில் போடும் புள்ளிச் சராசரி. சதவீதச் சராசரியை வைத்து அதைச் சொல்ல முடியாது. ஓம்சாஸ் ஒவ்வொரு பாடத்தையும் தனித்தனியாக 4.0 அளவுக்கு மாற்றி, அதன்பிறகுதான் கூட்டிப் பிரிக்கிறது. சதவீதம் தரும் பல்கலைக்கழகங்களுக்கான அட்டவணையில் 90-உம் அதற்கு மேலும் 4.0, 85 முதல் 89 வரை 3.9, 80 முதல் 84 வரை 3.7, 77 முதல் 79 வரை 3.3, 73 முதல் 76 வரை 3.0, 70 முதல் 72 வரை 2.7. எழுத்தாகத் தரும் இடங்களில் ஏ பிளஸ் 4.0, ஏ 3.9, ஏ மைனஸ் 3.7, பி பிளஸ் 3.3 என்று பெரும்பாலும் இதே ஒழுங்கில் போகும். சில பல்கலைக்கழகங்களுக்கு வேறு அட்டவணை உண்டு.

படிகள் ஒரே அளவில் இல்லை என்பதைக் கவனியுங்கள். 89-இலிருந்து 90-க்கு ஏறினால் கிடைப்பது 0.1. 79-இலிருந்து 80-க்கு ஏறினால் 0.4. இரண்டு பாடங்களில் 98-உம் 70-உம் எடுத்த பிள்ளைக்குச் சராசரி 84, ஜிபிஏ 3.35. இரண்டிலும் 84 எடுத்த பிள்ளைக்கு 3.7. நேரம் குறைவாக இருந்தால் 93-ஐ 97 ஆக்க ஓடாமல், 78-இல் நிற்கும் பாடத்தை 80-க்குத் தள்ளுங்கள்.

முழுப் பாடச்சுமை எண்டா எத்தனை கோர்ஸ்?

ஒரு செமஸ்டருக்கு ஐந்து, செப்டெம்பரிலிருந்து ஏப்ரல் வரை பத்து. ரொறொன்ரோ பல்கலைக்கழகத்தில் ஒரு செமஸ்டர் பாடம் 0.5 கிரெடிட் என்பதால் ஆண்டுக்கு 5.0. ஒரு பாடத்துக்கு மூன்று யூனிட் தரும் இடங்களில் அதுவே 30. எண் வேறாகத் தெரிந்தாலும் பொருள் ஒன்று.

குழப்பம் வருவது இங்கேதான். பல்கலைக்கழகத்தின் பதிவாளர் பார்வையிலும் ஓசாப் கடன் உதவியின் பார்வையிலும் மூன்று, நான்கு பாடம் எடுத்தாலே முழுநேர மாணவர். கட்டண ரசீதில் முழுநேரம் என்று இருக்கும். மருத்துவபீடம் முழுச்சுமை என்று சொல்லும்போது அந்த முழுநேரத்தைச் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பீடம் எத்தனை பாடம் கேட்கிறது என்று எண்ணிக்கையைப் பாருங்கள்.

நாலு கோர்ஸ் எடுத்து நல்ல மார்க் எடுக்கிறதுதானே புத்தி? ஏன் அஞ்சைக் கேக்கினம்?

மருத்துவபீடத்தில் ஒரே வாரத்தில் குவியும் பாடம் மிக அதிகம். பல பாடங்களை ஒன்றாகச் சுமக்கத் தெரிந்தவரா என்று பார்க்க அவர்களிடம் இருக்கும் நேரடிச் சான்று இதுதான். பத்துப் பாடத்தில் 3.85 எடுத்தவரையும் ஆறு பாடத்தில் 3.95 எடுத்தவரையும் ஒரே தராசில் வைப்பது நியாயமில்லை என்பது அவர்கள் வாதம். வேலை செய்து குடும்பத்தைத் தாங்கும் பிள்ளைகளுக்கு இந்த வாதம் கொஞ்சம் கொடுமையானது என்பது என் கருத்து.

எல்லாப் பீடமும் அப்படிக் கேட்பதில்லை. மக்மாஸ்டருக்கு மொத்தத்தில் முப்பது அரைப் பாடங்களும் (ஒரு செமஸ்டர் பாடம்தான் அரைப் பாடம்) மூன்று ஆண்டும் இருந்தால் போதும், எந்த ஆண்டில் எத்தனை எடுத்தீர்கள் என்று பார்ப்பதில்லை. பகுதிநேரமாகப் படித்தவர்களும் போகலாம்.

ஒவ்வொரு இடமும் ஜிபிஏயை எப்படிப் பாக்குது? சுருக்கமாச் சொல்லுங்கோ.

மக்மாஸ்டர் நீங்கள் எடுத்த எல்லா இளங்கலைப் பாடங்களையும் சேர்த்துச் சராசரி எடுக்கிறது. எதுவும் கழிவதில்லை. வெஸ்டர்ன் உங்களுடைய சிறந்த இரண்டு முழுநேர ஆண்டுகளை மட்டும் பார்க்கிறது. ஒட்டாவா கடைசி மூன்று முழுநேர ஆண்டுகளை எடுத்து, பழையதற்கு ஒரு பங்கு, நடுவுக்கு இரண்டு, புதியதற்கு மூன்று என்று எடை போடுகிறது. ரொறொன்ரோ, எல்லா ஆண்டும் முழுச்சுமை எடுத்தவர்களுக்கு மட்டும், ஆண்டுக்கு ஒரு முழுப் பாடம் வீதம் மோசமான புள்ளிகளைத் தள்ளிவிட்டுக் கணக்குப் பார்க்கிறது. முழுப் பாடம் என்றால் இரண்டு அரைப் பாடங்கள்.

குயின்ஸ் 2024-இல் அறிவித்த முறை எல்லாரையும் திகைக்க வைத்தது. அவர்கள் வைத்த குறைந்தபட்ச அளவுகளைத் தாண்டியவர்களின் பெயர்கள் குலுக்கலில் போடப்படும், அதில் வந்தவர்களின் விண்ணப்பம் மேற்கொண்டு பார்க்கப்படும். அங்கே 3.97-க்கும் அளவை மட்டும் தாண்டிய ஒருவருக்கும் முதல் கட்டத்தில் வாய்ப்பு ஒன்றே.

குறைஞ்சது எவ்வளவு ஜிபிஏ வேணும்?

ரொறொன்ரோ 3.6. வெஸ்டர்ன் அந்த இரண்டு ஆண்டுகளிலும் 3.70. மக்மாஸ்டர் 3.0, வடக்கு ஒன்ராறியோவும் 3.0, ரொறொன்ரோ மெற்றோபொலிற்றன் 3.3.

3.0 போதுமெண்டு மக்மாஸ்டரே சொல்லுது. பிறகேன் எல்லாரும் 3.9, 3.9 எண்டு பயப்பிடுத்தினம்?

3.0 என்பது விண்ணப்பத்தைத் திறந்து பார்ப்பதற்கான அளவு. உள்ளே போனபிறகு மற்றவர்களோடுதான் போட்டி. ரொறொன்ரோவில் இடம் கிடைத்தவர்களின் சராசரி 3.9-ஐத் தாண்டித்தான் இருந்து வருகிறது.

மக்மாஸ்டரில் நேர்காணலுக்கு முன் மூன்று விஷயங்களுக்கு ஏறத்தாழச் சம பங்கு கொடுத்து வந்திருக்கிறார்கள்: ஜிபிஏ, எம்கேட்டின் வாசிப்புப் பகுதியான கார்ஸ், சூழ்நிலைத் தேர்வான காஸ்பர். கார்ஸில் வெளுத்து வாங்கும் பிள்ளை 3.7-ஐ வைத்துக்கொண்டு நேர்காணல் வரை போவது நடக்கக்கூடியது. 3.1-ஐ வைத்துக்கொண்டு போவது எழுத்தில் மட்டும் இருக்கும் வாய்ப்பு.

முதல் வருசம் 3.2 தான் வந்தது. கதை முடிஞ்சுதோ?

இல்லை. அந்த ஆண்டு எங்கே எவ்வளவு வலிக்கும் என்பதுதான் கேள்வி. வெஸ்டர்னில் வலிக்கவே வலிக்காது, அடுத்த ஆண்டுகளில் இரண்டு நன்றாக இருந்தால் முதலாம் ஆண்டைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒட்டாவாவில் மூன்றாம் ஆண்டு முடித்து விண்ணப்பித்தால் ஆறில் ஒரு பங்கு, நான்காம் ஆண்டும் முடித்து விண்ணப்பித்தால் முதலாம் ஆண்டு கணக்கை விட்டே போய்விடும். ரொறொன்ரோவில் தள்ளிவிடும் சூத்திரம் பெரும்பகுதியைத் துடைத்துவிடும். மக்மாஸ்டரில் மட்டும் கடைசிவரை கூடவே வரும்.

முதலாம் ஆண்டில் சறுக்குவது மிகவும் சாதாரணம். வீட்டைவிட்டு முதல்முறை வெளியே போவது, ஆயிரம் பேர் இருக்கும் விரிவுரை மண்டபம், பள்ளியில் இருந்த அன்பான புள்ளி இங்கே இல்லாதது, எல்லாம் சேர்ந்து வரும். பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: அந்த டிசெம்பரில் "உனக்கு மெடிசின் சரிவராது" என்று முடிவு சொல்லிவிடாதீர்கள். அப்படிச் சொன்னதால் நல்ல பிள்ளைகள் விலகிப்போனதைப் பார்த்திருக்கிறேன்.

ரொறொன்ரோவின்ர அந்தத் தள்ளுபடிக் கணக்கை உதாரணத்தோட சொல்லேலுமோ?

நான்கு ஆண்டும் முழுச்சுமை எடுத்த ஒருவருக்கு நாற்பது அரைப் பாடங்கள். இருபதில் 3.9, பன்னிரண்டில் 3.7, எட்டில் 2.7 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 144, நாற்பதால் பிரித்தால் 3.60. கதவோரத்தில் நிற்கும் எண்.

நான்கு ஆண்டுக்கு நான்கு முழுப் பாடங்கள், அதாவது எட்டு அரைப் பாடங்கள் கழியும். அந்த எட்டு 2.7-உம் போய்விடும். மீதி 122.4, முப்பத்திரண்டால் பிரித்தால் 3.825. ஒரே புள்ளிப் பட்டியல்தான், மக்மாஸ்டரில் 3.60 என்றும் இங்கே 3.83 என்றும் நிற்கிறது. எல்லா ஆண்டும் ஐந்து ஐந்தாக எடுத்ததற்குக் கிடைத்த பலன் இது.

ஒக்டோபர் மிட்டேர்மில 52 வந்திட்டுது. அந்தக் கோர்ஸை விட்டிடட்டோ?

இந்தப் பக்கத்தை எழுத வைத்த கேள்வி இதுதான். பாடத்தை விட்டால் மோசமான புள்ளி ஏறாது, சரி. ஆனால் அந்தச் செமஸ்டர் நான்கு பாடமாகிவிடும். முந்தைய பதிலில் பார்த்த சூத்திரம் எல்லா ஆண்டும் முழுச்சுமை எடுத்தவர்களுக்கு மட்டும். ஒரு 2.7-இலிருந்து தப்பிக்கப் போய், எட்டு மோசமான புள்ளிகளைத் தள்ளும் உரிமையை இழக்கலாம். எப்படியும் கழிந்துபோகக்கூடிய ஒரு புள்ளிக்குப் பயந்து பாடத்தை விடுவது பல சமயம் நட்டக் கணக்கு.

அதற்காக எப்போதும் பிடித்துக்கொண்டிருங்கள் என்றும் சொல்ல மாட்டேன். அந்த ஒரு பாடம் மற்ற நான்கையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது என்றால் விட்டுவிடுங்கள். ஏற்கெனவே வேறொரு ஆண்டில் சுமை குறைந்திருந்தால் காப்பாற்ற எதுவும் மிச்சமில்லை, அப்போதும் விடலாம். முதலில் பாருங்கள்: பாடத்தை மாற்றிக்கொள்ளும் காலக்கெடு தாண்டிவிட்டதா, ஜனவரிச் செமஸ்டரில் ஆறு எடுத்துப் பத்தை எட்ட முடியுமா, அந்த ஆண்டுக் கணக்கை நீங்கள் விரும்பும் பீடம் ஏற்குமா. இரவு இரண்டு மணிக்கு அழுதுகொண்டே பொத்தானை அழுத்தாதீர்கள். காலையில் கல்வி ஆலோசகரிடம் பேசிவிட்டு அழுத்துங்கள்.

குறைஞ்சதைச் சமருக்கு எடுத்து நிரப்பினாச் சரிதானே?

பெரும்பாலும் சரிவராது. முழுச்சுமை என்பது செப்டெம்பர் முதல் ஏப்ரல் வரையான காலத்துக்கு. கோடைக்காலப் பாடம் பட்டத்துக்கு உதவும், சுமைக் கணக்கை நிரப்பாது. வெஸ்டர்ன் தன் சிறந்த இரண்டு ஆண்டுக் கணக்கில் கோடைப் பாடங்களைச் சேர்ப்பதில்லை. மக்மாஸ்டரில் எல்லாப் பாடமும் எண்ணப்படுவதால் அங்கே கோடைப் புள்ளியும் சேரும், நல்லதும் கெட்டதும்.

மகன் ஏபி, ஐபி கிரெடிட்டோட வந்தவன். ஆண்டுக்கு நாலு கோர்ஸ் எடுத்தாலே டிகிரி முடிஞ்சிடும்.

பட்டம் முடியும், சுமைக் கணக்கு முடியாது. பள்ளியில் ஏபி, ஐபி என்ற உயர்நிலைப் பாடங்களைப் படித்ததற்குக் கிடைத்த மாற்று கிரெடிட்டுக்குப் பல்கலைக்கழகப் புள்ளி கிடையாது. அதனால் ஜிபிஏயில் சேராது, அந்த ஆண்டின் ஐந்தில் ஒன்றாகவும் எண்ணப்படாது. திறமையான பிள்ளைகள் விழும் குழி இது. மிச்சமாகும் இடத்தில் பிடித்த வேறு பாடம் ஒன்றை எடுத்து ஐந்தாக்கிவிடச் சொல்லுங்கள்.

பாஸ்/ஃபெயில் எண்டு மாத்திவிட்டா மோசமான மார்க் மறைஞ்சிடுமே?

ஜிபிஏயில் அது சேராது என்பது உண்மை. ரொறொன்ரோவின் கலை, அறிவியல் பீடத்தில் பட்டம் முழுவதற்கும் 2.0 கிரெடிட் வரை இப்படி மாற்ற இடமுண்டு. மருத்துவபீடம் கேட்கும் பாடத்தில் மட்டும் இதைச் செய்யாதீர்கள், அங்கே அவர்களுக்குப் புள்ளி தெரிய வேண்டும். ஒரே ஆண்டில் இரண்டு மூன்றை மாற்றினால், அந்த ஆண்டை முழு ஆண்டாக ஏற்காத பீடமும் இருக்கலாம். என்னைக் கேட்டால் இதைக் கடைசி ஆண்டுகள் வரை சேமித்து வைப்பேன்.

அதே கோர்ஸைத் திருப்பிப் படிச்சா பழைய மார்க் போயிடுமோ?

உங்கள் பல்கலைக்கழகம் தன் கணக்கில் பழையதை விலக்கியிருக்கலாம். ஓம்சாஸுக்குப் போகும் புள்ளிப் பட்டியலில் இரண்டும் தெரியும், இரண்டையும் குறிப்பிட வேண்டும். பி எடுத்த பாடத்தை ஏ ஆக்குவதற்காகத் திரும்பப் படிப்பது நேரத்துக்குக் கேடு. தோற்ற பாடம் கட்டாயப் பாடமாக இருந்தால் வேறு வழியில்லை.

பேர்ட் கோர்ஸா எடுத்து நிரப்பினாப் பாத்துக் கண்டுபிடிப்பினமோ?

யாரும் உட்கார்ந்து பாடத்தின் பெயரை வாசித்து "இது சுலபம்" என்று குறிப்பதில்லை. விருப்பப் பாடம் சுலபமாக இருப்பதில் தப்பில்லை. ஆனால் வெஸ்டர்ன், கணக்கில் எடுக்கும் ஆண்டின் ஐந்து முழுப் பாடங்களில் குறைந்தது மூன்று அந்த ஆண்டின் நிலையிலோ அதற்கு மேலோ இருக்க வேண்டும் என்று கேட்டு வந்திருக்கிறது. நான்காம் ஆண்டில் முதலாம் ஆண்டுப் பாடங்களாக அடுக்கி 4.0 எடுத்தால் அந்த ஆண்டு அங்கே செல்லாமல் போகலாம்.

இன்னொன்று: சுலபம் என்று மற்றவர்கள் சொன்ன பாடம் உங்கள் பிள்ளைக்குச் சுலபமாக இருக்க வேண்டும் என்றில்லை. கட்டுரை எழுதவே பிடிக்காத பிள்ளை சினிமா வரலாற்றில் 71 வாங்கிக்கொண்டு வரும்.

பெரிய கம்பஸில கஷ்டமான புரோகிராம் படிக்கிறதுக்குச் சலுகை இல்லையோ?

இல்லை. பொறியியலில் ஆறு பாடம் எடுத்து 3.5 வாங்கினால் 3.5 தான். கஷ்டம் என்பதற்கு எந்தச் சூத்திரத்திலும் கூட்டல் இல்லை. முகவரிக்கு மதிப்பெண் கிடையாது. ஆகவே கிரேட் 12-இல் பல்கலைக்கழகத்தைத் தேர்வு செய்யும்போது, சொந்தக்காரரிடம் சொல்லப் பெருமையாக இருக்குமா என்பதைவிட பிள்ளை அங்கே நன்றாகத் தூங்கி நன்றாகப் படிக்குமா என்று பாருங்கள்.

வீட்டில ஒரு இழப்பு. அந்தச் செமஸ்டர் மூண்டு கோர்ஸ்தான் படிச்சவ. சொல்ல வழி இருக்கோ?

இருக்கிறது. நோய், இழப்பு போன்ற காரணங்களை விளக்க இடம் தரும் பீடங்கள் உண்டு. ஆவணம் வேண்டும்: மருத்துவர் கடிதம், பல்கலைக்கழகத்துக்கு அப்போதே எழுதிய மனு. மூன்று ஆண்டு கழித்துத் தேடினால் கிடைக்காது, நடக்கும்போதே எடுத்து வையுங்கள்.

உடல் அல்லது மனநலக் காரணத்தால் தொடர்ந்து குறைந்த சுமை தேவைப்படும் பிள்ளைகள் பல்கலைக்கழகத்தின் அணுகல் சேவை அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். "வெளியில தெரிஞ்சா என்ன நினைப்பினம்" என்று பதிவு செய்யாமல் இருப்பவர்கள் நம் வீடுகளில் நிறைய. அந்தப் பதிவு புள்ளிப் பட்டியலில் வராது. பதிவில்லாமல் நான்கு பாடம் எடுத்தால் அது வெறும் நான்கு பாடமாகத்தான் தெரியும்.

மாஸ்டர்ஸ் செய்தா பழைய ஜிபிஏ மறைஞ்சிடுமோ?

மறையாது. ரொறொன்ரோ முதுகலை முடித்தவர்களைத் தனியாகப் பார்க்கிறது, அவர்களுக்கு இளங்கலையில் குறைந்தபட்சம் 3.0. ஆனால் அங்கே ஆய்வுதான் பேசும், பெயருக்கு ஒரு முதுகலை உதவாது. மக்மாஸ்டர் முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் சிறிய கூட்டல் கொடுத்து வந்திருக்கிறது. ஜிபிஏயைத் திருத்துவது மட்டும் நோக்கம் என்றால் அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

அப்ப அஞ்சாம் வருசம், இல்லாட்டி ரெண்டாவது டிகிரி?

அது எங்கே விண்ணப்பிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஒட்டாவாவில் புதிய ஆண்டுக்கு மூன்று பங்கு எடை, நல்ல ஓர் ஐந்தாம் ஆண்டு அங்கே நிறைய நகர்த்தும். வெஸ்டர்னில் குறைவது ஓர் ஆண்டுதான் என்றால் அதை நிரப்பலாம். மக்மாஸ்டரில் நாற்பது பாடத்தோடு பத்துப் பாடம் சேர்ந்தால் ஐந்தில் ஒரு பங்கு: 3.5-ஐ வைத்திருப்பவர் பத்திலும் 4.0 எடுத்தாலும் 3.6 தான் ஆகும். ஓர் ஆண்டுக் கட்டணத்தைக் கட்டுமுன் இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பாருங்கள்.

வேற மாகாணம் சரிவருமோ?

விண்ணப்பிக்கலாம், இடம் குறைவு. பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம் சொந்த மாகாணத்தவருக்கு 75 சதவீதமும் வெளியாருக்கு 85 சதவீதமும் குறைந்தபட்சமாக வைத்திருக்கிறது. போதிய கிரெடிட் மிஞ்சினால் மோசமான ஓர் ஆண்டை முழுதாகக் கழிக்கவும் விடுகிறது. ஒன்ராறியோவும் கதவை இறுக்குகிறது: 2026 இலையுதிர் காலத்திலிருந்து 95 சதவீத இடங்களை மாகாணத்தில் வாழ்பவர்களுக்கு ஒதுக்குவதாகவும் வெளிநாட்டு மாணவர்களை எடுப்பதில்லை என்றும் 2024 ஒக்டோபரில் அரசு அறிவித்தது. ஊரிலிருந்து மாணவர் விசாவில் வந்திருக்கும் மருமகனுக்காகக் கேட்பவர்களுக்கும் பதில் இதுதான், முதலில் நிரந்தர வதிவுரிமை.

நான் ஊரில எம்பிபிஎஸ் முடிச்சனான். எனக்கு இந்த ஜிபிஏ எல்லாம் வேணுமோ?

வேண்டாம், உங்கள் பாதை வேறு. கனடா மருத்துவக் கவுன்சிலின் தேர்வுகள், பிறகு பயிற்சி இடங்களை ஒதுக்கும் கார்ம்ஸ் வழியாக இடம் தேடுவது, அல்லது அனுபவமுள்ள மருத்துவர்களுக்கான மதிப்பீட்டுத் திட்டம். மருத்துவபீடத்தில் மறுபடி முதலாம் ஆண்டு சேர வேண்டியதில்லை.

முதல் வருசம் 3.3. ரெண்டாம் வருசம் 3.6, அதில ஒரு செமஸ்டர் நாலு கோர்ஸ். மூண்டாம் வருசம் முழுச்சுமை, 3.9. இப்ப நாலாம் வருசம். எங்க போடட்டும்?

இருபத்தொன்பது பாடங்களுக்கும் சேர்த்து 3.60. ரொறொன்ரோவில் தள்ளுபடிச் சூத்திரம் கிடையாது, குறைந்தபட்சத்தில் நிற்கும் எண்ணோடு அங்கே போட்டியிடுவது கடினம். மக்மாஸ்டருக்கு இருபத்தொன்பதும் இந்த ஆண்டுப் பாடங்களும் சேர்ந்து முப்பதைத் தாண்டினால் போடலாம், கார்ஸும் காஸ்பரும் கைகொடுக்க வேண்டும். பிரம்டனில் இருக்கும் ரொறொன்ரோ மெற்றோபொலிற்றனுக்குத் தாராளமாகப் போடுங்கள், அங்கே எம்கேட்டும் தேவையில்லை. குயின்ஸின் அளவுகளைத் தாண்டினால் குலுக்கலில் பெயரைப் போட்டுவிடுங்கள். வடக்கு ஒன்ராறியோ பெரும்பாலும் வடக்கில் வளர்ந்தவர்களையும் கிராமப்புறத் தொடர்புள்ளவர்களையும் தேடுகிறது, ஸ்காபரோ முகவரியோடு அதிகம் எதிர்பார்க்காதீர்கள்.

நான்காம் ஆண்டை ஐந்து ஐந்தாக எடுத்து 3.95-இல் முடித்தால் அடுத்த ஆண்டு படமே மாறும். வெஸ்டர்னுக்கு 3.70-ஐத் தாண்டிய இரண்டு முழு ஆண்டுகள் கையில் இருக்கும். ஒட்டாவாவில் இந்த ஆண்டு உங்கள் கணக்கு 3.70, அடுத்த ஆண்டு 3.6, 3.9, 3.95 என்று எடை போட்டால் 3.875. ஒன்பது பாடம் எடுத்த அந்த இரண்டாம் ஆண்டை ஒட்டாவா முழு ஆண்டாக ஏற்குமா என்று மட்டும் இப்போதே அனுமதி அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள். பதில் வந்ததும் அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.